பூந்தமல்லிக்கு நேர் தெற்கே

கூகுள் மேப்பில் பூந்தமல்லியிலிருந்து நேர் தெற்கே ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். கல்பாக்கம் தாண்டிக் கடலில் இறங்கும். அப்புறம் கரையே தட்டாது. கோடியக்கரைகூட மேற்கே ஒதுங்கிவிடும். கோடு மறுபடி கரையேறுகிற இடம் யாழ்ப்பாணத்துப் பலாலி. மீனம்பாக்கத்திலிருந்து அந்த ஓடுபாதைக்குச் சுமார் 355 கிலோமீட்டர். மதுரை இதைவிடத் தூரம்.

இரண்டாம் உலகப் போருக்காக பிரிட்டிஷ்காரர்கள் போட்ட ஓடுபாதை அது. 1947 டிசம்பர் 10 அன்று ஏர் சிலோன் தன் முதல் சேவையைத் தொடங்கியபோது போன வழி: இரத்மலானை, காங்கேசன்துறை, மெட்ராஸ். காங்கேசன்துறை என்று சொன்னது பலாலியைத்தான். டக்கோட்டா விமானம். அதன் வேகத்துக்கு அந்தக் கடைசித் துண்டைக் கடக்க ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். இப்போதைய ஏடிஆர் விமானத்துக்கும் அட்டவணையில் ஒன்றேகால் மணி நேரம் சொச்சம் போடுகிறார்கள். முக்கால் நூற்றாண்டில் நாம் மிச்சம் பிடித்தது கால் மணி நேரம்!

நடுவில் நடந்ததுதான் கணக்கில் வராத நேரம். 1978 செப்டம்பர் 7 அன்று பலாலியிலிருந்து வந்த ஏர் சிலோனின் அவ்ரோ விமானம் இரத்மலானையில் குண்டு வெடித்து எரிந்தது. பயணிகள் இறங்கிவிட்டிருந்தார்கள். பிறகு போர். பலாலி ராணுவத் தளமானது, சென்னைக்கான வழி அடைபட்டது. 1998 செப்டம்பர் 29 அன்று பலாலியில் கிளம்பிய லயன் ஏர் விமானம் மன்னார் பக்கம் கடலில் விழுந்தது. அதிலிருந்த 55 பேரும் போனார்கள்.

போரூர், வளசரவாக்கம் பக்கம் வாடகை வீடுகளில் இருந்த யாழ்ப்பாணக் குடும்பங்கள் ஊருக்குப் போவதென்றால் முதலில் கொழும்பு. 640 கிலோமீட்டர் பறந்து இறங்கி, வந்த திசையிலேயே 400 கிலோமீட்டர் வடக்கே திரும்ப வேண்டும், அதுவும் ஏ9 சாலை திறந்திருந்தால். 1990இல் நின்ற ரயில் யாழ்ப்பாணத்தை மறுபடி தொட்டது 2014இல். இதில் ஒரு கொடுமை உண்டு. சென்னைக்கும் கொழும்புக்கும் நேர்கோடு போட்டால் அது யாழ்ப்பாண நகரத்தின் தலைக்கு மேலேதான் போகிறது. விமானத் தடம் கொஞ்சம் அப்படி இப்படி விலகலாம். ஆனாலும் ஜன்னலோரம் உட்கார்ந்த ஒரு அம்மம்மா கீழே எதைத் தேடியிருப்பார்?

2019 அக்டோபர் 17 அன்று பலாலி, யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் ஆனது. நவம்பர் 11 முதல் அலையன்ஸ் ஏர் சென்னையிலிருந்து பறந்தது. நாலே மாதத்தில் கொரோனா. 2022 டிசம்பர் 12 அன்று மறுபடி தொடங்கியது; 2024 செப்டம்பரில் இண்டிகோவும் வந்தது. காலை நெரிசலில் ஆவடியிலிருந்து மீனம்பாக்கம் போவதற்குள் விமானமே பலாலியை எட்டிவிடும்.

ஓடுபாதையைச் சுற்றி மயிலிட்டி, பலாலி, வலிகாமம் வடக்கின் மற்ற ஊர்கள். 1990இல் அந்த மக்கள் வெளியேற, காணிகள் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போயின. கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித் தந்தார்கள், எல்லாம் இன்னும் வரவில்லை. அப்படி ஒரு வீட்டுக்காரர் இன்று சென்னையிலிருந்து போய் இறங்கினால், விமானப் படிக்கட்டிலிருந்து அவர் வீட்டுக்கு நடக்கிற தூரம்தான். வழியில் முள்கம்பி.