மூட்டுவலி மாத்திரையும் கண்ணும்: ஒரு நூற்றாண்டுக் கதை

கொஞ்சம் நீளமான இழை இது. உங்க வீட்டில் யாராவது முடக்குவாதத்துக்கோ, லூபஸ் நோய்க்கோ வருடக்கணக்கில் ஹைட்ராக்சிகுளோரோகுயின் மாத்திரை சாப்பிடுறாங்கன்னா பத்து நிமிஷம் ஒதுக்கிப் படிச்சிடுங்க.

சில மாதங்களுக்கு முன் ஓபியில் ஒரு அக்கா. ஐம்பது வயசு இருக்கும்.

"கண்ணாடி மாத்தணும்போல சார். காலைல கோலத்துக்குப் புள்ளி வச்சா, நான் பாக்குற புள்ளி தெரியுது. அதுக்குப் பக்கத்துப் புள்ளி காணாமப் போயிடுது."

சர்க்கரை இல்லை. பிரஷர் இல்லை. "வேற என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?" என்று கேட்டதும் பையில் இருந்து ஒரு பழைய சீட்டை எடுத்தார். மடிப்பு மடிப்பாகக் கிழிந்து செல்லோடேப் ஒட்டிய சீட்டு. முடக்குவாதத்துக்கு ஹைட்ராக்சிகுளோரோகுயின் தினமும் 400 மில்லிகிராம். ஒன்பது வருஷமாக அதே சீட்டைக் காட்டி மெடிக்கலில் வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார். கைவலி கட்டுக்குள் இருந்ததால் மறுபடி டாக்டரைப் பார்க்கவே இல்லை. கண்ணைச் சோதிக்கணும்னு யாரும் சொல்லவும் இல்லை.

எடை பார்த்தேன். 46 கிலோ.

இந்த எண்ணை ஞாபகம் வச்சுக்கோங்க. கடைசியில் தேவைப்படும்.

மூட்டுவலிக்குச் சாப்பிடும் மாத்திரை எதுக்குக் கண்ணுக்குப் போகணும்? இது அடிப்படையில் மலேரியா மருந்துக் குடும்பத்தைச் சேர்ந்தது. அந்தக் குடும்பத்தின் மூத்தவர் குயினைன். தென் அமெரிக்காவின் சிங்கோனா மரப்பட்டையில் இருந்து 1820-ல் பாரிஸில் பெல்லெத்தியே, கவந்தூ என்ற இருவர் பிரித்தெடுத்தார்கள். அந்த மரத்தை வெள்ளைக்காரன் நம்ம நீலகிரிக்கும் கொண்டு வந்து நட்டான். ஊட்டியில் இருந்து கூடலூர் போகும் வழியில் வரும் நடுவட்டத்தில் அரசு குயினைன் தொழிற்சாலையே இருந்தது.

1894-ல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையின் டாக்டர் பெய்ன், தோலில் வரும் லூபஸுக்குக் குயினைன் கொடுத்துப் பலன் கண்டதாகச் சொன்னார். பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. அப்படியே விட்டிருப்பார்கள், போர் மட்டும் வராமல் இருந்திருந்தால்.

1942-ல் ஜப்பான் ஜாவாவைப் பிடித்தது. உலகத்தின் குயினைனில் பெரும்பகுதி அங்கிருந்துதான் வந்துகொண்டிருந்தது. பசிபிக் காடுகளில் மலேரியாவில் விழுந்த நேச நாட்டுப் படைகளுக்கு வேறு வழியில்லாமல் மெபாக்ரின் என்ற செயற்கை மாத்திரையைத் தினமும் கொடுத்தார்கள். தோல் மஞ்சளாகிவிடும். காமாலை வந்தவன் மாதிரி ஆயிடுவோம்னு பல சிப்பாய்கள் யாருக்கும் தெரியாமல் துப்பிவிடுவார்களாம்.

விழுங்கியவர்களில் சிலருக்கு ஒரு ஆச்சரியம் நடந்தது. ஏற்கெனவே இருந்த தோல் தடிப்பும் மூட்டுவலியும் குறைந்தன. இதன் தொடர்ச்சியாக 1951-ல் டாக்டர் பேஜ், லூபஸ் நோயாளிகளுக்கு மெபாக்ரின் கொடுத்துக் கிடைத்த நல்ல பலனை லான்செட் இதழில் எழுதினார். அதற்குப் பிறகு வாதநோய் மருத்துவர்கள் இந்தக் குடும்பத்தை விடவே இல்லை.

அடுத்து வந்தது குளோரோகுயின். 1934-லேயே ஜெர்மனியில் பேயர் நிறுவனத்தின் ஹான்ஸ் ஆண்டர்சாக் தயாரித்ததுதான். "நஞ்சு அதிகம்" என்று அங்கேயே ஓரம்கட்டி வைத்திருந்தார்கள். போர்க் காலத்தில் அமெரிக்கர்கள் தூசி தட்டி எடுத்தார்கள். அதில் ஒரு ஹைட்ராக்சில் கூட்டி உருவானதுதான் அக்காவின் மாத்திரை. 1955-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. குளோரோகுயினைவிடச் சாது. முழுச் சாது கிடையாது.

இங்கேதான் சிக்கல். மலேரியா வராமல் தடுக்க குளோரோகுயின் வாரம் ஒருமுறை. முடக்குவாதத்துக்கோ தினமும், அதுவும் வருடக்கணக்கில். மருந்து அதேதான், உடம்பில் சேரும் கணக்கு வேற.

1959-ல் லண்டனில் ஹாப்ஸ், சார்ஸ்பி, ஃப்ரீட்மேன் மூவரும் குளோரோகுயின் நீண்ட நாள் சாப்பிட்டவர்களின் விழித்திரை கெட்டுப்போனதை லான்செட்டில் எழுதினார்கள். ஏன் விழித்திரை என்பதற்கு 1960-களின் ஆய்வுகள் துப்புக் கொடுத்தன. இந்த மருந்துக்கு மெலனின் என்ற கருநிறமி மேல் ஒட்டிக்கொள்ளும் குணம். விழித்திரைக்குப் பின்னால் அந்த நிறமி நிறைந்த ஒரு அடுக்கு இருக்கு. அங்கே போய் தங்கிடும், மாத்திரையை நிறுத்தினாலும் சீக்கிரம் வெளியேறாது. பார்வையின் நடுப்புள்ளியைச் சுற்றி வளையமாகச் செல்கள் சாகும். நடுப்புள்ளி மட்டும் கடைசி வரை பிழைத்திருக்கும். அதனால்தான் அக்காவுக்குப் பார்க்கிற புள்ளி தெரிகிறது, பக்கத்துப் புள்ளி தெரியவில்லை. எழுத்துப் பலகையை எல்லா வரியும் வாசித்துவிடுவார்கள். "பார்வை நல்லா இருக்கே" என்று அனுப்பிவிடுவோம்.

இனி நான் உண்மையிலேயே சொல்ல வந்த இடம். ஜப்பான்.

அங்கே 1955 முதல் குளோரோகுயின் விற்பனையில் இருந்தது. மலேரியாவே அதிகம் இல்லாத நாடு. ஆனால் நிறுவனங்கள் அதைச் சிறுநீரக அழற்சிக்கும் வலிப்புக்கும்கூட விற்றன. சிறுநீரகம் கெட்டவருக்கு! மருந்தை வெளியேற்ற வேண்டிய உறுப்பே பழுது, அவருக்குப் போய் இதைத் தினமும் கொடுத்தால் என்ன ஆகும்? பலருக்குப் பார்வை போனது.

பின்னால் ஒரு விஷயம் அம்பலமானது. அந்நாட்டுச் சுகாதார அமைச்சகத்தில் மருந்துப் பிரிவை நடத்திய அதிகாரி ஒருவர், தன் வாதநோய்க்கு இதே மருந்தைச் சாப்பிட்டு வந்திருக்கிறார். 1965 வாக்கில் கண் பாதிப்பு பற்றிய வெளிநாட்டுத் தகவல் அவர் கைக்கு வந்தது. தன் மாத்திரையை நிறுத்திக்கொண்டார். மக்களுக்குச் சொல்லவில்லை.

படிச்ச அன்னைக்கு எனக்குத் தூக்கம் வரல. நானும் அரசு ஊழியன்தான், எனக்கும் தினமும் மேலிருந்து சுற்றறிக்கைகள் வருது.

1967-ல்தான் மருத்துவர் சீட்டு கட்டாயம் என்றார்கள். மருந்துக் குறிப்பில் எச்சரிக்கை ஏறியது 1969-ல். 1974-ல் தயாரிப்பே நின்றது. பாதிக்கப்பட்டவர்கள் வழக்குப் போட்டார்கள். நிறுவனங்கள் இழப்பீடு தர வேண்டி வந்தது, ஆனால் 1995-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அரசுக்குச் சட்டப் பொறுப்பு இல்லை என்று தீர்ப்பளித்தது.

இன்னொரு நஷ்டமும் உண்டு. அந்த அதிர்ச்சியில் இந்தக் குடும்ப மருந்துகளே வேண்டாம் என்று ஜப்பான் ஒதுங்கியது. ஹைட்ராக்சிகுளோரோகுயின் அங்கே லூபஸுக்கு அனுமதி பெற்றது 2015-ல். அமெரிக்காவுக்கு 60 வருஷம் பின்னால். லூபஸில் நோய் திரும்பத் திரும்பக் கிளம்புவதைக் குறைக்கும், கர்ப்பிணிகளும் தொடரக்கூடிய ஒரு மருந்து, இத்தனை காலம் அந்த ஜனங்களுக்குக் கிடைக்கவில்லை. அதனால் இதைப் படிச்சிட்டு பயத்தில் மாத்திரையைத் தூக்கிப் போட்டுடாதீங்க. நிறுத்துவதா, குறைப்பதா என்பதை உங்க டாக்டர்தான் முடிவு செய்யணும்.

(2020 கொரோனாவில் ஐசிஎம்ஆர் பரிந்துரைப்படி நாங்களும் இதைப் போட்டோமே என்று கேட்பவர்களுக்கு: அது வாரம் ஒன்று, சில வாரங்கள். இங்கே பேசுவது தினமும், வருடங்கள். ரெண்டும் ஒண்ணு இல்ல.)

பயம் எவ்வளவு என்பதற்குக் கணக்கு இருக்கு. 2014-ல் கலிபோர்னியாவில் மெல்லஸ், மார்மர் இருவரும் இந்த மாத்திரையை 5 வருஷத்துக்கு மேல் சாப்பிட்ட 2361 பேரை ஆராய்ந்தார்கள். தினசரி அளவு கிலோவுக்கு 5 மில்லிகிராமுக்குள் இருந்தால் முதல் 5 வருடத்தில் பாதிப்பு 1 சதவீதத்துக்கும் கீழ், 10 வருடம் வரை 2 சதவீதத்துக்கும் கீழ். 20 வருடம் தாண்டினால் கிட்டத்தட்ட 20 சதவீதம். அளவு கூடினால் எல்லாமே கூடும். சிறுநீரகம் பழுது என்றாலும், மார்பகப் புற்றுநோய்க்கு டமாக்சிஃபென் சாப்பிட்டாலும் கூடும்.

அதை வைத்துத்தான் 2016-ல் அமெரிக்கக் கண் மருத்துவ அகாடமி சொன்னது: மாத்திரை தொடங்கிய முதல் வருடத்துக்குள் ஒரு விழித்திரைப் பரிசோதனை. 5 வருஷம் ஆனதும் வருடம் ஒருமுறை ஓசிடி ஸ்கேனும் பார்வைப்புலச் சோதனையும். மேலே சொன்ன கூடுதல் ஆபத்து உள்ளவர்களுக்கு இன்னும் முன்னாலேயே. ஆசிய மக்களுக்குப் பாதிப்பு நடுவில் இருந்து சற்றுத் தள்ளி ஆரம்பிப்பது அதிகம், அதனால் பார்வைப்புலத்தை அகலமாகவும் சோதிக்கணும்.

இப்போ அந்த 46 கிலோ. ஐந்தால் பெருக்கினால் 230. அக்கா சாப்பிட்டது 400. ஒன்பது வருஷம்.

ஓசிடியில் நடுவைச் சுற்றி அந்த வளையம் மெலிந்து தெரிந்தது. வாதநோய் மருத்துவர் மாத்திரையை நிறுத்தி வேறு மருந்துக்கு மாற்றினார். போன செல்கள் திரும்பாது, நிறுத்திய பிறகும் கொஞ்ச காலம் பாதிப்பு நகரலாம் என்பதை அவரிடம் மறைக்காமல் சொன்னோம். "அந்தச் சீட்டுல ஒரு வரி எழுதியிருந்தா செஞ்சிருப்பேனே சார்" என்றார். என்னிடம் பதில் இல்லை.

போன வாரம் மறுபடி வந்தார், அதே தெருவில் இருக்கும் இன்னொரு அம்மாவைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு. அவருக்கும் இதே மாத்திரை, தினமும் 200, ஏழு வருஷம். எடை 52 கிலோ. அளவு சரிதான். கண் மட்டும் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. புதன்கிழமை கண் ஓபிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.