கொள்கலன் வலைச் சேவையகச் சுமைச் சோதனை

கொள்கலனில் இயங்கும் வலைச் சேவையகம் ஒரே நேரத்தில் எத்தனை கோரிக்கைகளைத் தாங்கும் என்று அளக்கும் முறை. 2013-இல் டாக்கர் என்னும் கொள்கலன் மென்பொருள் வெளியானபின் இதற்கான ஏற்பாடு எளிதாயிற்று. என்ஜின்எக்ஸ் போன்ற சேவையகத்தைக் கொள்கலனில் ஏற்றும்போதே சிபியு, நினைவக வரம்புகளை விதிக்க வேண்டும். வரம்பின்றி எடுத்த அளவு வேறொரு கணினிக்குப் பொருந்தாது. சுமை அனுப்பும் ஜேமீட்டர், கே6 போன்ற கருவி தனிக் கணினியில் இருப்பது நல்லது; சேவையகத்துடன் ஒரே கணினியில் இருந்தால் இரண்டும் சிபியுவுக்குப் போட்டியிடும். தூரமும் கணக்கில் சேரும்: அம்பத்தூர்த் தரவு மையத்திலுள்ள சேவையகத்தை அதே வளாகத்திலிருந்தும் மும்பையிலிருந்தும் சோதித்தால் தாமதம் ஒன்றாக வராது. சராசரியை நம்பக்கூடாது. 95 கோரிக்கைகளுக்கு 20 மில்லிவினாடியிலும் மீதி 5-க்கு 2 வினாடியிலும் விடை வந்தால் சராசரி 119 மில்லிவினாடிதான்; 99-ஆம் சதமானமே உண்மையைக் காட்டும். இணைப்புகளைப் படிப்படியாகக் கூட்டும்போது, வினாடிக்கு வரும் விடைகளின் எண்ணிக்கை உயராமல் தாமதம் மட்டும் ஏறத் தொடங்கும் இடமே சேவையகத்தின் கொள்ளளவு.