பிங்கில் தொடங்கிய காவல்

நெட்வொர்க்கில் கோளாறு என்றால் நிர்வாகியின் கை முதலில் போவது பிங்குக்குத்தான். அமெரிக்காவின் மேரிலாண்டில் ராணுவ ஆய்வுக்கூடம் ஒன்றில் பணியாற்றிய மைக் மியூஸ், 1983 டிசம்பரில் ஒரே மாலையில் எழுதிய நிரல் அது. எதிர்முனைக் கணினிக்கு ஒரு சிறு பொட்டலம் போகும். திரும்பி வந்தால் கணினி உயிரோடு இருக்கிறது, பாதையும் திறந்திருக்கிறது. சோனார் கருவி ஒலியை அனுப்பி எதிரொலிக்குக் காத்திருக்குமே, அந்த ஓசையையே மியூஸ் பெயராக வைத்தார்.

விட்டுவிட்டு அறுந்துபோகும் ஈதர்நெட்டோடு மல்லாடிய நிர்வாகி ஒருவரைப் பற்றி மியூஸ் பின்னாளில் எழுதியிருக்கிறார். பிங்குக்கு வந்த ஒவ்வொரு பதிலையும் அவர் பேச்சுக்குரலாக மாற்றி, ஸ்டீரியோவில் முழுச் சத்தத்தில் வைத்தார். நொடிக்கொரு முறை ‘பிங், பிங்’ என்று அது கத்திக்கொண்டிருக்க, கேபிள் முனைகளை ஒவ்வொன்றாக அசைத்தபடி கட்டடம் முழுக்க நடந்தார். எந்த முனையை அசைத்தபோது சத்தம் நின்றதோ, அங்கே பழுது அகப்பட்டது.

ஆனால் லைனில் எவ்வளவு போக்குவரத்து ஓடுகிறது என்பது பிங்குக்குத் தெரியாது. அதை ரவுட்டரிடமே கேட்க 1988-இல் எஸ்.என்.எம்.பி. நெறிமுறை வந்தது. அதன் முதல் பதிப்பில் ஒற்றைச் சொல்தான் காவல். அதுவும் மறைப்பின்றிப் பயணித்தது. பல கருவிகளில் அந்தச் சொல் ‘பப்ளிக்’ என்றே இருந்தது. அதை மாற்றாமல் விடுவது பூட்டிலேயே சாவியை விட்டுப்போவதற்குச் சமம்.

1994-இல் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரிலுள்ள டி மான்ட்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் 1,000-க்கும் மேற்பட்ட கணினிகளுக்கு இணையத்தோடு இருந்த தொடர்பு 64 கிலோபிட் லைன் ஒன்றே. அதன் நெரிசல் கண்ணுக்குத் தெரியட்டும் என்று அங்கிருந்த டோபி ஓட்டிக்கர் பெர்ல் மொழியில் எழுதியது எம்.ஆர்.டி.ஜி. வீட்டு மின்மீட்டரில் ரீடிங் எடுப்பது போன்ற கணக்குதான் அது. ரவுட்டரின் பைட் எண்ணிக்கையை எஸ்.என்.எம்.பி. வழியாக 5 நிமிடத்துக்கு ஒருமுறை வாசித்து, முந்தைய எண்ணைக் கழித்து, 300 நொடியால் வகுத்தால் வேகம் கிடைத்துவிடும்; அதை வரைபடமாகக் காட்டும். பின்னர் டேவ் ராண்ட் வேகம் தேவைப்பட்ட பகுதியை சி மொழியில் எழுதித் தந்தார். பழைய அளவுகள் அரை மணி, 2 மணி, 1 நாள் சராசரிகளாகச் சுருக்கப்பட்டதால் ஆண்டுக்கணக்கில் ஓடினாலும் கோப்பு பெருகவில்லை. இந்த எளிய யோசனையின் அழகு இன்றும் குறையவில்லை. 1999-இல் இந்தச் சேமிப்பு முறை ஆர்.ஆர்.டி.டூல் என்ற தனிக் கருவியாயிற்று.

வரைபடத்தை யாராவது பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இரவில் யார் பார்ப்பது? அதே 1999-இல் ஈதன் கால்ஸ்டாட் வெளியிட்ட நெட்செயிண்ட் என்ற கண்காணிப்பு நிரல், 2002-இல் நாகியோஸ் என்று பெயர் மாறியது. சோதனைகளைச் சிறுசிறு நிரல்கள் செய்யும். ஒவ்வொன்றும் ஓர் எண்ணைத் திருப்பித் தரும். 0 என்றால் நலம், 1 எச்சரிக்கை, 2 ஆபத்து, 3 தெரியவில்லை. ஒருமுறை தவறியதற்கே அது அலறாது. திரும்பத் திரும்பச் சோதித்து உறுதியான பிறகே செய்தி அனுப்பும். எந்தச் சர்வர் எந்த ரவுட்டருக்குப் பின்னால் இருக்கிறது என்று சொல்லி வைத்தால், ரவுட்டர் விழும்போது அதை மட்டும் ‘செயலிழந்தது’ என்றும், பின்னாலிருக்கும் சர்வர்களை ‘எட்டவில்லை’ என்றும் பிரித்துக் காட்டும். தூக்கத்திலிருந்து எழுந்து வந்த நிர்வாகி நேரே அந்த ரவுட்டரிடம் போகலாம்.