பாலம் கட்டியவர்களின் எலும்பு

அமெரிக்காவின் புரூக்லின் பாலத்தைப் படத்திலாவது பார்க்காதவர்கள் எம்மில் குறைவு. அதன் தூண்களுக்கு ஆற்றடியை யார் தோண்டினார்கள் என்று நாம் கேட்பதில்லை.

அடித்தட்டு இல்லாத பெரிய மரப்பெட்டியை ஆற்றுக்குள் இறக்கி, தண்ணீர் புகாதபடி அழுத்தக் காற்றை அடைத்து, அதற்குள் கூலியாட்களை இறக்கினார்கள். அந்தப் பெட்டிக்குப் பெயர் கைசன். வேலை முடிந்து மேலே வந்தவர்கள் மூட்டுவலியால் துடித்தார்கள்; சிலர் முடங்கினார்கள், சிலர் மௌத்தானார்கள். தலைமைப் பொறியியலாளர் வாஷிங்டன் ரோப்ளிங்கே 1872இல் படுக்கையில் விழுந்தார். மனைவி எமிலிதான் அவருக்கும் வேலைத்தளத்துக்கும் நடுவில் நின்று பாலத்தை முடிப்பித்தார். அவர்கள் பெயரைச் சரித்திரம் வைத்திருக்கிறது. கூலியாட்களோ வலி குறைந்ததும் 'சுகம்' என்று அடுத்த வேலை தேடிப் போனார்கள்.

அது சுகமல்ல. அழுத்தத்தில் இரத்தத்திலும் கொழுப்பிலும் கரைந்த நைதரசன், சட்டென்று மேலே வரும்போது சோடாப் போத்தலைத் திறந்தாற்போல் குமிழியாகிறது. என்பு மச்சையில் கொழுப்பு அதிகம். அங்கே இரத்த ஓட்டம் தடைப்பட்டால் அந்தளவு எலும்பு செத்துப்போகும். ஜேர்மனியின் ஹாம்பர்க்கில் எல்பே ஆற்றின் கீழ் 1907 முதல் 1911 வரை சுரங்கம் தோண்டியவர்களின் மூட்டெலும்புகள் இப்படிக் கெட்டிருந்ததை போர்ன்ஸ்டைன், பிளாட்டே என்ற வைத்தியர்கள் எழுதி வைத்தார்கள்.

செத்த பகுதி மூட்டோரம் இருந்தால் மூட்டு இடிந்து வலி காட்டிக்கொடுத்துவிடும். நீண்ட எலும்பின் உள்ளே இருந்தால் சத்தமே இராது. உடம்பு அதன் ஓரத்தை வருடக்கணக்காகப் பழுதுபார்த்துக்கொண்டே இருக்கும். அந்த இழையத்தில்தான், மிக மிக அரிதாக, புற்றுநோய் முளைக்கிறது என்று கருதுகிறார்கள். கூடுதலாக முழங்காலை அண்டிய எலும்புகளில். செத்த எலும்பில் எழுந்த இத்தகைய புற்றுநோயை 1960இல் அமெரிக்க வைத்தியர்கள் அறிக்கையிட்டார்கள். 1966இல் டோர்ப்மனும் சகாக்களும் எழுதிய நோயாளி ஒரு கைசன் தொழிலாளி. முதற் பாலங்களிலிருந்து அந்த மனிதர் வரை வர ஏறக்குறைய நூறு வருடம்!

கற்பிட்டியிலும் மன்னாரிலும் கடலட்டைக்கும் சங்குக்கும் சிலிண்டர் கட்டி முழுகும் எம் சுழியோடிகளின் உடம்பில் கரைவதும் அதே நைதரசன்தான். எல்லா வலியும் புற்றுநோயல்ல, யாரும் பயப்பட வேண்டாம். ஆனால் 'பழைய முழுகல் வலி' என்று எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்கும் நானாமார், காக்காமார் முழங்காலில் புது வீக்கமோ இரவில் எழுப்பும் வலியோ கண்டால் வைத்தியரிடம் போங்கள். எத்தனை வருடம் முழுகினீர்கள் என்பதையும் சொல்லுங்கள். கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.