மெழுகுத் தாள் முதல் நினைவக அட்டை வரை: ஒளிப்படப் பதிவு ஊடகங்களின் வரலாறு

நினைவக அட்டை என்பது டிஜிட்டல் கேமரா எடுக்கும் படங்களைச் சேமித்து வைக்கும் சிறிய, கழற்றி மாட்டக்கூடிய மின்னணுச் சாதனம். மெமரி கார்டு என்பது இதன் வழக்குப் பெயர். ஃபிலிம் காலத்தில் ஒளியை உணர்வதும் படத்தைக் காப்பதும் ஒரே பொருளின் வேலையாக இருந்தன. டிஜிட்டல் கேமராவில் இவை இரண்டாகப் பிரிந்தன: ஒளியை உணர்வது உணரி, படத்தை ஏற்று வைத்திருப்பது அட்டை.

எந்தக் காலத்துப் பதிவு ஊடகத்தையும் மூன்று கேள்விகளால் அளக்கலாம். எத்தனை படம் கொள்ளும்? எவ்வளவு வேகமாக ஏற்கும்? எத்தனை காலம் காக்கும்? நினைவக அட்டை முதல் இரண்டிலும் முந்தைய ஊடகங்களை வெகுவாக விஞ்சிவிட்டது. மூன்றாவதில் அது பின்தங்கியே இருக்கிறது.

மெழுகுத் தாளும் கண்ணாடித் தகடும்

சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராக 1850-களின் பிற்பகுதியில் பணியாற்றியவர் கேப்டன் லின்னேயஸ் டிரைப். மதுரை, தஞ்சாவூர் முதலிய ஊர்களின் கோயில்களை அவர் 1858-இல் படமெடுத்தார். அக்காலத்தில் ஈரக் கொலோடியன் பூசிய கண்ணாடித் தகடு பரவலாகி வந்தது. ஆனால் பூச்சு காய்வதற்குள் படத்தை எடுத்து, அதைக் கழுவியும் முடிக்க வேண்டும். அதற்கு இருட்டறைக் கூடாரம் உடன் வர வேண்டும். மெழுகு பூசிய தாளை முன்கூட்டியே தயாரித்துக்கொள்ளலாம். எடுத்துச் செல்லவும் எளிது. பதிவாகும் நேரம்தான் அதிகம். டிரைப் பெரும்பாலும் மெழுகுத் தாளையே பயன்படுத்தினார். வேகத்தைவிட வசதியைத் தேர்ந்த முடிவு அது. கோயிலும் கல்லும் அசையாதவை என்பதால் அது பொருந்தியது.

தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளக் கல்வெட்டுகளை அவர் ஒரே தொடர்படமாக உருவாக்கினார். 21 படங்களை ஒட்டி அமைத்த அந்தப் படம் சுமார் 19 அடி நீளமுடையது. ஒரு தாளில் கொள்ளாததைப் பல தாள்களில் பகிர்ந்து, பின்பு இணைத்த முயற்சி இது. அரசு ஒளிப்படப் பிரிவு செலவு மிக்கது என்று கருதப்பட்டு 1860 வாக்கில் மூடப்பட்டது. படங்கள் இன்றும் இருக்கின்றன.

உதகை ஃபிலிம்

இந்தியா தனக்கு வேண்டிய ஃபிலிமைத் தானே தயாரிப்பதற்காக 1960-இல் உதகமண்டலத்தில் இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் என்னும் அரசு நிறுவனம் அமைக்கப்பட்டது. 1967-இல் உற்பத்தி தொடங்கியது. ஒளி உணரும் பூச்சுக்குத் தூசி ஆகாது, வெப்பமும் ஆகாது; நீலகிரியின் குளிர்ந்த காற்று இதற்கு ஏற்றதாக இருந்தது. ‘இந்து’ என்ற பெயரில் கறுப்பு வெள்ளை ஃபிலிம், எக்ஸ்ரே ஃபிலிம், படத்தாள் ஆகியவை வெளிவந்தன.

35 மி.மீ. சுருளில் 36 படங்கள். 120 வகைச் சுருளில் சதுர வடிவத்தில் 12 படங்கள். இந்தக் கொள்ளளவுதான் ஒரு தலைமுறை ஒளிப்படக்காரர்களின் பழக்கத்தையே வடிவமைத்தது. ஒவ்வொரு சொடுக்குக்கும் விலை இருந்ததால் யோசித்தே எடுத்தார்கள். வண்ண ஃபிலிமும் பின்னர் டிஜிட்டல் கேமராவும் பரவியபோது நிறுவனம் நலிந்தது. 2010-களில் அதன் கதை முடிந்தது.

நினைவக அட்டையின் தோற்றம்

கோடாக் நிறுவனப் பொறியாளர் ஸ்டீவன் சாசன் 1975-இல் முதல் கையடக்க டிஜிட்டல் கேமராவை உருவாக்கினார். அதன் சேமிப்பு ஊடகம் ஒலிநாடா கேசட். 100-க்கு 100 புள்ளிகள் கொண்ட ஒரு படத்தை நாடாவில் எழுத 23 வினாடிகள் ஆயின. அதாவது, கேமரா நாடாவுக்காகக் காத்திருந்தது. இன்றும் வேகம் குறைந்த அட்டையை மாட்டினால் கேமரா காத்திருப்பது இதே காரணத்தால்தான்.

தீர்வு ஜப்பானிலிருந்து வந்தது. தோஷிபா நிறுவனத்தின் ஃபுஜியோ மசுவோகா 1980-களில் ஃபிளாஷ் நினைவகத்தைக் கண்டுபிடித்தார். மின்சாரம் நின்றாலும் தகவலை இழக்காத சில்லு இது. இதன் நான்ட் வகை 1987-இல் அறிவிக்கப்பட்டது. ஃபிளாஷ் நினைவகத்தைக் கொண்டு சான்டிஸ்க் 1994-இல் காம்பாக்ட்ஃபிளாஷ் அட்டையையும், பானாசோனிக், சான்டிஸ்க், தோஷிபா ஆகிய மூன்றும் சேர்ந்து 1999-இல் எஸ்டி அட்டையையும் அறிமுகப்படுத்தின. சோனியின் மெமரி ஸ்டிக், ஒலிம்பஸ்–ஃபுஜிஃபிலிம் இணைந்த எக்ஸ்டி அட்டை ஆகியவை போட்டியில் நிலைக்கவில்லை. உயர்நிலைக் கேமராக்களில் இன்று சிஎஃப்எக்ஸ்பிரஸ் அட்டை இடம்பிடித்துள்ளது.

கொள்ளளவு

எஸ்டி அட்டைகள் கொள்ளளவால் வகைப்படும். எஸ்டிஎச்சி வகை (2006) 32 ஜிகாபைட் வரையும், எஸ்டிஎக்ஸ்சி வகை (2009) 2 டெராபைட் வரையும் கொள்ளும். பழைய கேமரா புதிய வகை அட்டையை ஏற்காமல் போகலாம் என்பதால், வாங்குமுன் கேமராவின் கையேட்டைப் பார்ப்பது நல்லது.

எண்ணிக்கையைக் கணக்கிடுவது எளிது. 24 மெகாபிக்சல் கேமராவின் ரா கோப்பு ஏறத்தாழ 25 மெகாபைட் என்று கொண்டால், 64 ஜிகாபைட் அட்டையில் சுமார் 2,500 படங்கள் அடங்கும். இது எழுபது ஃபிலிம் சுருளுக்கு நிகர். வினாடிக்கு 100 மெகாபிட் அளவில் எடுக்கப்படும் 4கே காணொளி என்றால், அதே அட்டை 85 நிமிடங்களில் நிரம்பிவிடும்.

வேகம்

அட்டையின் மீது பெரிதாக அச்சிடப்படும் எண் பெரும்பாலும் படிக்கும் வேகம். அதுவும் உச்ச வேகம். கணினிக்குப் படங்களை மாற்றும்போது அது உதவும். படமெடுக்கும்போது தேவைப்படுவது எழுதும் வேகம். அதற்கு உத்தரவாதம் தருபவை சிறிய குறிகள்: வட்டத்துக்குள் 10 என்றால் வினாடிக்குக் குறைந்தது 10 மெகாபைட், யு3, வி30 என்றால் 30 மெகாபைட், வி60 என்றால் 60, வி90 என்றால் 90.

மெகாபிட்டும் மெகாபைட்டும் குழப்பம் தரும். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். மேலே சொன்ன 100 மெகாபிட் காணொளிக்கு வினாடிக்கு 12.5 மெகாபைட்தான் வேண்டும். வி30 அட்டையே தாராளமாகப் போதும்.

யுஎச்எஸ்-1, யுஎச்எஸ்-2 என்பவை கேமராவுக்கும் அட்டைக்கும் இடையிலான பாதையின் அளவைக் காட்டும். முதலாவது வினாடிக்கு 104 மெகாபைட் வரை, இரண்டாவது 312 மெகாபைட் வரை கடத்தும். யுஎச்எஸ்-2 அட்டையின் பின்புறம் இரண்டு வரிசைத் தொடுமுனைகள் இருக்கும். கேமராவில் அதற்கான வசதி இல்லையென்றால், அந்த அட்டை யுஎச்எஸ்-1 வேகத்திலேயே இயங்கும்; கூடுதல் விலை வீணாகும்.

ஒரே மாவட்டம், இரு தேவைகள்

எந்த அட்டை வேண்டும் என்பதை எடுக்கப்படும் பொருளே தீர்மானிக்கிறது. திருவள்ளூர் மாவட்டம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. திருவள்ளூர்–திருத்தணி சாலையில் உள்ள திருப்பாச்சூரில் அப்பரும் சம்பந்தரும் பாடிய வாசீஸ்வரர் கோயில் உள்ளது. மூங்கிலைக் குறிக்கும் ‘பாசு’ என்னும் சொல்லிலிருந்து ஊர்ப்பெயர் வந்ததாகத் தலபுராணம் கூறும். இங்குச் சோழர் காலக் கல்வெட்டுகள் உள்ளன. கல்வெட்டைப் படமெடுப்பவர் முக்காலியில் கேமராவை நிறுத்தி, பக்கவாட்டு ஒளியில் ஒரு வரியைப் பல துண்டுகளாக எடுத்துப் பின்னர் இணைப்பார். தஞ்சையில் டிரைப் செய்த வேலைதான் இது. இதற்கு வேகம் தேவையில்லை. நம்பகமான சாதாரண அட்டையே போதும்.

அதே மாவட்டத்தில், கும்மிடிப்பூண்டிக்குக் கிழக்கே பழவேற்காடு ஏரி இருக்கிறது. குளிர்காலத்தில் பூநாரைகள் கூட்டமாக எழும்பும் கணம் சில வினாடிகளே நீடிக்கும். வினாடிக்கு 10 ரா படங்கள் எடுத்தால் 250 மெகாபைட் சேரும். கேமராவின் இடைநினைவகம் சிறிது நேரம் அதைத் தாங்கும். நிரம்பியதும் கேமரா நின்றுவிடும். இங்கே யுஎச்எஸ்-2 அல்லது சிஎஃப்எக்ஸ்பிரஸ் அட்டைக்குச் செலவிடுவதில் பொருள் உண்டு.

போலி அட்டைகளும் பாதுகாப்பும்

கொள்ளளவைப் பொய்யாகக் காட்டும் அட்டைகள் சந்தையில் உண்டு. 8 ஜிகாபைட் சில்லு கணினியில் 128 என்று காட்டும். உண்மை அளவு நிரம்பிய பின் எழுதப்படும் படங்கள் அழியும். எச்2டெஸ்ட்டபிள்யூ, எஃப்3 போன்ற இலவச மென்பொருள்கள் அட்டை முழுவதும் எழுதிப் படித்து இதைக் கண்டுபிடிக்கும். புதிய அட்டையை முதல் பணிக்கு முன்பே சோதிப்பது முறை. தவறுதலாகப் படங்கள் அழிந்தால், மேலும் எதையும் எழுதாமல் அட்டையை வெளியே எடுத்துவிட்டால் மீட்க வாய்ப்பு உண்டு.

ஃபிளாஷ் நினைவகம் மின்னூட்டத்தைச் சிறைப்பிடித்து வைத்தே தகவலைக் காக்கிறது. அந்த மின்னூட்டம் ஆண்டுகள் செல்லச் செல்லக் கசியும். ஆகவே அட்டை படங்களைக் கொண்டுசெல்லும் கலமே ஒழிய, காப்பகம் அன்று. குறைந்தது இரண்டு வேறு ஊடகங்களில் மூன்று படிகள், அவற்றில் ஒன்று வேறோர் இடத்தில் என்பது காப்பாளர்கள் பின்பற்றும் பொது விதி.

கல்வெட்டுப் பதிவில் இந்த விதி மேலும் முக்கியமானது. கோயில் திருப்பணிகளின்போது மணல் வீச்சு முறையில் சுவர்களைச் சுத்தம் செய்ததால், தமிழ்நாட்டில் பல கல்வெட்டுகளின் எழுத்துகள் தேய்ந்துபோயின. அத்தகைய இடங்களில் மைப்படியும் ஒளிப்படமும்தான் எஞ்சிய சான்றுகள். 1955-இல் தொடங்கிய புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், கோயில்களையும் சிற்பங்களையும் படமெடுத்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்களைக் காத்து வருகிறது. டிரைப்பின் தாள் 160 ஆண்டுகளுக்குப் பின்னும் படிக்கக் கிடைக்கிறது. இன்று அட்டையில் பதிவாகும் படத்துக்கு அந்த ஆயுள் வேண்டுமானால், பதிவான அன்றே அது வேறிடத்துக்குப் படியெடுக்கப்பட வேண்டும்.