ஆலிஸ் சாசரின் இரு உடல்கள்

இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டுஷயர் பகுதியில், வாலிங்ஃபோர்டு நகருக்கு அருகே, சில்டர்ன் குன்றுகளின் அடிவாரத்தில் அமைந்த சிற்றூர் யூவெல்ம். இவ்வூரின் புனித மரியாள் ஆலயம் ஒரு பங்கு ஆலயம், அதாவது ஒரு குருவின் பொறுப்பில் உள்ள ஊர்மக்கள் ஞானஸ்நானம் முதல் அடக்கம் வரை எல்லாச் சடங்குகளுக்கும் வந்து கூடும் ஆலயம். பழைய கோபுரம் நீங்கலாக, இன்று காணப்படும் கட்டடத்தின் பெரும்பகுதி 15ஆம் நூற்றாண்டில், 1430களையொட்டிய ஆண்டுகளில், வில்லியம் டி லா போலும் அவருடைய மனைவி ஆலிஸும் எழுப்பியதாகும். செங்குத்துக் கோடுகளுக்கு முதன்மை தந்து, பெரிய சன்னல்களால் சுவரை ஒளிமயமாக்கும் பிற்காலக் கோதிக் பாணி இது. மக்கள் நிற்கும் நடுக்கூடத்துக்கும் குருக்களுக்குரிய பலிபீடப் பகுதிக்கும் இடையே வழக்கமாக அமையும் பெருவளைவு இங்கு இல்லாததால், மரக்கூரை ஒரே ஓட்டமாக நீண்டு செல்கிறது.

ஆலிஸ், ஆங்கிலக் கவிஞர் ஜெஃப்ரி சாசரின் பேத்தி. கவிஞரின் மகன் தாமஸ் சாசர், இவ்வூருக்கு உரிமை பெற்ற மட்டில்டா பர்கர்ஷை மணந்து யூவெல்மின் பிரபுவானார். நாடாளுமன்றக் கீழவையின் தலைவராக ஐந்து முறை தேர்ந்தெடுக்கப்பட்ட அவர் 1434இல் இறந்தார். அவரும் மனைவியும் அடங்கிய கல்லறை, ஆலயத்தின் தென்புறத்திலுள்ள புனித யோவான் சிற்றாலயத்துக்கும் பலிபீடப் பகுதிக்கும் இடையே இருக்கிறது. அதன் மேற்பலகையில் இருவரின் உருவங்களும் பித்தளைத் தகட்டில் வெட்டிப் பதிக்கப்பட்டுள்ளன. பக்கங்களில் குலச்சின்னக் கேடயங்கள் வரிசையாக நிற்கின்றன. கேடய வரிசையைக் கூர்ந்து பார்ப்பவருக்கு அக்குடும்பத்தின் நோக்கம் புலப்படும். கவிஞரின் மனைவி ஃபிலிப்பாவின் சகோதரி கேத்தரின், அரசர் மூன்றாம் எட்வர்டின் மகனான ஜான் ஆஃப் காண்ட்டின் மனைவியானார். அவ்வழியே கிடைத்த அரச உறவைத்தான் கேடயங்கள் முன்னிறுத்துகின்றன. மதுவணிகரின் மகனாகப் பிறந்த கவிஞரின் பெருமையைவிட, பாட்டிவழி உறவின் பெருமையே அன்று கல்லில் பொறிக்கத் தகுந்ததாகக் கருதப்பட்டது.

ஆலிஸின் வாழ்வு நூறாண்டுப் போரின் நடுவே கழிந்தது. முதற்கணவர் ஜான் ஃபிலிப் 1415இல் ஹார்ஃப்ளூர் முற்றுகையை அடுத்து இறந்தார். இரண்டாம் கணவரான சாலிஸ்பரி பிரபு 1428இல் ஆர்லியான்ஸ் முற்றுகையில் காயமுற்று மாண்டார். மூன்றாமவரான வில்லியம், சஃபோக் டியூக் என்னும் உயர்பட்டம் பெற்றும், ஃபிரான்ஸில் நேர்ந்த தோல்விகளுக்குப் பொறுப்பாளியாக்கப்பட்டு, 1450இல் நாடுகடத்தப்பட்டுச் செல்லும் வழியில் கடலில் தலை துண்டிக்கப்பட்டார். அதன்பின் இருபத்தைந்து ஆண்டுகள் விதவையாக வாழ்ந்து, சொத்துகளையும் மகனின் எதிர்காலத்தையும் காத்து, அவனுக்கு யார்க் குலத்தைச் சேர்ந்த, பின்னாளில் அரசரான நான்காம் எட்வர்டின் சகோதரியை மணமுடித்து வைத்த பின்னரே ஆலிஸ் 1475இல் மறைந்தார்.

அவருடைய கல்லறையே இவ்வாலயத்தின் தலைசிறந்த செல்வம். பளிங்கை ஒத்த வெண்மையும் மென்மையும் கொண்ட அலபாஸ்டர் கல்லில் ஆலிஸ் டியூக் குலத்தின் சிறுமுடி அணிந்து, கைகூப்பிய நிலையில் படுத்திருக்கிறார். அவருடைய இடது முன்கையில் கார்ட்டர் எனப்படும் வீரர் குழாத்தின் பட்டை கட்டப்பட்டிருக்கிறது. ஆண்கள் முழங்காலின் கீழ் அணியும் இப்பட்டையைப் பெண்ணொருவர் எங்கே அணிவது என்பதைக் காட்டும் அரிய சிற்பங்களில் இது ஒன்று, இதே பகுதியின் ஸ்டான்டன் ஹார்கோர்ட் ஆலயத்தில் இன்னொன்று உண்டு. ஆனால் படுத்திருக்கும் இவ்வுருவத்தின் கீழே, கல்லில் குடைந்த துளைவரிசைகளுக்கு அப்பால், மற்றொரு ஆலிஸ் கிடக்கிறார்: பிணத்துணி விலகிய, எலும்பெல்லாம் தெரியும், வற்றிச் சுருங்கிய முதிய பெண்ணின் சடலம். இத்தகைய பிணச்சிற்பங்கள் அக்கால ஐரோப்பாவில் ஆயர்களுக்கும் பிரபுக்களுக்கும் செய்யப்பட்டன; பெண்ணுக்குச் செய்யப்பட்டது மிக அரிது. சடலத்துக்கு மேலே உள்ள கல்விதானத்தில், மரியாளுக்குக் கபிரியேல் தூதர் மங்கள வார்த்தை சொல்லும் காட்சியும், மகதலேனா மரியாள், திருமுழுக்கு யோவான் ஆகியோரின் உருவங்களும் தீட்டப்பட்டுள்ளன. தரையில் படுத்தாலன்றி எவர் கண்ணுக்கும் படாத இவ்வோவியங்கள் அந்தச் சடலத்தின் பார்வைக்காகவே வரையப்பட்டவை என்று கொள்வதே பொருத்தம்.

இதை வெறும் செல்வச் செருக்கு என்று ஒதுக்குவது பெரும் பிழையாகும். இறந்தோரின் ஆன்மா உத்தரிக்கிற ஸ்தலத்தில் தன் பாவக்கறை நீங்கும்வரை துன்புறுகிறது என்றும், உயிரோடிருப்போரின் செபமும் பூசையும் அத்துன்பத்தைக் குறைக்கும் என்றும் அன்றைய திருச்சபை போதித்தது. அழுகும் உடலைக் காட்டுவது, காண்போரைச் செபிக்கத் தூண்டும் வேண்டுகோள். அச்செபம் தற்செயலான வருகையாளரை நம்பி இருக்கக் கூடாது என்பதற்காக, அரசர் ஆறாம் ஹென்றி 1437இல் அளித்த உரிமத்தின்படி, வில்லியம்–ஆலிஸ் தம்பதியர் ஆலயத்தின் மேற்கே 13 ஏழை ஆடவருக்கும் இரு குருக்களுக்குமாகச் செங்கல்லால் ஓர் அறவிடுதி கட்டினர். விடுதியின் முற்றத்திலிருந்து படிகள் வழியே நேராக ஆலயத்துக்கு ஏறிவிடலாம். அங்கு வாழ்ந்தோர் உணவும் உறைவிடமும் பெற்று, நாள்தோறும் பலமுறை ஆலயத்துக்குச் சென்று புரவலர்களுக்காகச் செபிக்கும் கடமை பூண்டனர். இரு குருக்களில் ஒருவர் ஊர்ச் சிறுவருக்கு இலக்கணம் கற்பித்தார். அருகிலுள்ள பள்ளிக் கட்டடம் அதற்காகவே எழுந்தது. கல்லறை, விடுதி, பள்ளி ஆகிய மூன்றும் ஒரே ஏற்பாட்டின் உறுப்புகள் என்பதால், ஒன்றை விட்டு மற்றொன்றை விளக்க முடியாது.

ஆலயத்தின் மேற்குப் பகுதியில் எண்கோண ஞானஸ்நானத் தொட்டியின் மீது, ஏறத்தாழ 10 அடி உயரத்துக்கு அடுக்கடுக்காகச் செதுக்கிய மரமூடி தொங்குகிறது. ஆலிஸின் மகன் ஜான் அளித்ததாகக் கருதப்படும் இம்மூடியின் உச்சியில் மிக்கேல் தூதர் நிற்கிறார். அதை ஏற்றி இறக்க உதவும் எதிர்எடை ரோஜா மலராக வடிக்கப்பட்டுள்ளது.

16ஆம் நூற்றாண்டுச் சீர்திருத்தம் உத்தரிக்கிற ஸ்தலம் பற்றிய போதனையையே மறுத்து, இறந்தோருக்கான பூசைகளை ஒழித்தது. டி லா போல் குடும்பமும் யார்க் குல உரிமைக்காகப் போராடி அழிந்தது: ஆலிஸின் பேரர்களில் ஒருவர் 1487இல் ஸ்டோக் போரில் வீழ்ந்தார், மற்றொருவர் 1513இல் தலை வெட்டப்பட்டார், இன்னொருவர் 1525இல் இத்தாலியின் பவியா போர்க்களத்தில் மாண்டார். யூவெல்ம் அரசுடைமை ஆகி, குடும்பத்தின் மாளிகை படிப்படியாக அழிந்தது. 1640களின் உள்நாட்டுப் போரில் நாடெங்கும் கல்லறைகள் சிதைக்கப்பட்டபோது, நாடாளுமன்றப் படையைச் சேர்ந்த உள்ளூர் அதிகாரி பிரான்சிஸ் மார்ட்டின் இவ்வாலயத்தைக் காத்தார் என்பது ஊர் மரபு.

அறவிடுதியோ செபக்கடமை ஒழிந்த பின்னும் நிலைத்தது. முதலாம் ஜேம்ஸ் மன்னர் அதன் தலைமைப் பொறுப்பை ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் அரச மருத்துவப் பேராசிரியர் பதவியோடு இணைத்தார். அவ்விணைப்பு இன்றும் தொடர்கிறது, விடுதியில் முதியோர் வாழ்கின்றனர், பள்ளிக் கட்டடத்தில் ஊர்க் குழந்தைகள் இன்றும் படிக்கின்றனர்.