சக்கரத்தின் மேல் ஒரு வீடு, காட்டில் ஒரு வேலை

பொதுப்பணித்துறையில் 34 வருஷம் குப்பை கொட்டியவன் நான். அதில் ஒரு 9 வருஷம், அணைக்கட்டு ஒன்றை ஒட்டியிருந்த ஆய்வு மாளிகையும் என் பொறுப்பில் இருந்தது. அந்தப் பழக்கதோஷம் இன்னும் விடவில்லை. எந்த ஊரில் தங்கப் போனாலும் முதலில் குழாயையும் கழிப்பறையையும் பார்த்துவிட்டுத்தான் உட்காருவேன். "அப்பா இன்ஸ்பெக்‌ஷனுக்குக் கிளம்பியாச்சு" என்று மகள் கேலி செய்வாள்.

2019 ஜூன் மாதம் கலிஃபோர்னியாவில், ஃபிரஸ்னோவில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். அங்கிருந்து செக்கோயா தேசியப் பூங்காவுக்குப் போய் இரண்டு ராத்திரி கூடாரம் போட்டுத் தங்கினோம். வழக்கம்போல் என் இன்ஸ்பெக்‌ஷன் நடந்தது. கழிப்பறை சுத்தம், காகிதம் தீரவில்லை, நெருப்பு மூட்டும் இரும்பு வளையத்தில் பழைய சாம்பல் இல்லை. யார் இவ்வளவு ஒழுங்காக வேலை செய்கிறார்கள் என்று தேடினேன். 70 வயதைத் தாண்டிய ஒரு வெள்ளைக்காரப் பெரியவர், மண்வெட்டியும் தகர வாளியுமாக அடுத்த இடத்துச் சாம்பலை அள்ளிக்கொண்டிருந்தார். சட்டைக் கையில் 'தன்னார்வலர்' என்று ஒரு சின்னம். எங்களைப் பார்த்ததும் வாளியைக் கீழே வைத்துவிட்டு வந்து, சாப்பாடு, சோப்பு, பற்பசை எல்லாவற்றையும் அந்த இரும்புப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டச் சொன்னார். கரடிக்குப் பற்பசையும் பலகாரம்தானாம்.

நுழைவாயிலுக்குப் பக்கத்து முதல் இடத்தில் அவருடைய ஆர்.வி. நின்றது. படுக்கை, சமையல், கழிப்பறை எல்லாம் உள்ளேயே உள்ள வண்டி. வாசலில் 'கேம்ப் ஹோஸ்ட்' என்று பலகை. அவரும் அவர் மனைவியும் வீட்டை விற்று 11 வருஷம் ஆகிறதாம். கோடையில் இங்கே, குளிர்காலத்தில் அரிசோனாவில் இன்னொரு பூங்கா. சம்பளம் கிடையாது. வண்டி நிறுத்த இடம், தண்ணீர், மின்சாரம், கழிவுநீர் இணைப்பு, இவ்வளவுதான். பதிலுக்கு வாரத்தில் இத்தனை மணி நேரம் வேலை என்று எழுத்தில் ஒப்பந்தம்.

எனக்கு இது மண்டையைக் குடைந்தது. வேலை உண்டு, சம்பளம் இல்லை, வீடும் இல்லை. ஆனால் முகத்தில் ஒரு குறையும் தெரியவில்லை. ஊருக்கு வந்த பிறகும் விடாமல் படித்தேன். படித்ததில் எனக்குப் பிடிபட்டதை எழுதுகிறேன்.

கதை மோட்டார் காரிலிருந்து தொடங்குகிறது. யோசெமிட்டி பூங்காவில் 1907-ல் கார்களுக்குத் தடை போட்டார்கள். 1913-ல் தடையை நீக்கிவிட்டார்கள். ஃபோர்டின் மலிவுக் கார் வந்ததும் சாதாரணக் குடும்பங்களும் பின்னால் கூடாரத்தைக் கட்டிக்கொண்டு கிளம்பின. ஃபோர்டும் எடிசனுமே சமையல்காரர், உதவியாளர் சகிதம் 'எளிமையாக' முகாம் போனவர்கள்தான். அந்த எளிமையைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை. 1919-ல் ஃபுளோரிடாவின் டாம்பாவில் இப்படிப் பட்டவர்கள் கூடி 'டின் கேன் டூரிஸ்ட்ஸ்' என்று ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். காரின் ரேடியேட்டர் மூடியில் ஒரு காலித் தகர டப்பாவைப் பற்றவைத்துக்கொள்வதுதான் அங்கத்தினர் அடையாளம்.

இவர்கள் ராத்திரியில் யார் வயலிலாவது இறங்கிவிடுவார்கள் என்ற தொல்லைக்கு மாற்றாக ஊராட்சிகள் இலவச முகாம் திடல்கள் திறந்தன. தண்ணீர், விளக்கு, கழிப்பறை எல்லாம் இலவசம், எங்கள் ஊரில் கடைகளில் செலவு செய்துவிட்டுப் போங்கள் என்ற கணக்கு. டென்வர் நகரத்தின் ஓவர்லேண்ட் பார்க் இதில் பேர்போனது. ஆனால் சில வருஷத்திலேயே வேறு மாதிரியான ஆட்களும் வரத் தொடங்கினார்கள். வேலை தேடி ஊர் ஊராகப் போகிறவர்கள், பழைய காரிலேயே குடும்பம் நடத்துகிறவர்கள். வந்தவர்கள் கிளம்பவில்லை. 1920-களின் நடுவில் ஊர் ஊராகக் கட்டணம் வைத்தார்கள், இத்தனை நாள்தான் தங்கலாம் என்று கெடு வைத்தார்கள். பராமரிப்புச் செலவு ஒரு காரணம்தான். இன்னொரு காரணம், வீடுள்ள உல்லாசப் பயணியையும் வீடில்லாத நாடோடியையும் பிரித்துப் பின்னவரை அனுப்பிவிடுவது.

இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

இன்று நாம் பார்க்கும் கேம்ப்கிரவுண்டின் வடிவம் ஒரு தாவர நோய் நிபுணர் போட்டது என்று படித்தபோது, ஒரு பொறியாளனாக எனக்குக் கொஞ்சம் வெட்கமாகவே இருந்தது. அவர் பெயர் மெய்னெக்கே. 1926-ல் இதே செக்கோயா பூங்காவில் ராட்சத மரங்களுக்குச் சுற்றுலாப் பயணிகளால் என்ன ஆகிறது என்று ஆராய்ந்து எழுதினார். 275 அடி உயரத்துக்கு நிற்கும் ஷெர்மன் மரத்தின் இனம் அது. ஆனால் வேர் ஆழமாக இறங்காது, பக்கவாட்டில்தான் பரவும். அந்த வேருக்கு மேலே ஆயிரக்கணக்கான பேர் நடந்தும், கார் ஓட்டியும், கண்ட இடத்தில் நிறுத்தியும் மண்ணைத் திமிசு போட்டது மாதிரி இறுக்கிவிடுகிறார்கள். தண்ணீர் இறங்காது, காற்று போகாது. காட்டை அழிக்கக் கோடரியே வேண்டாம், அதை நேசித்து வருகிறவர்களின் காலே போதும்.

1932-ல் அவர் தீர்வையும் எழுதினார். ஒருவழிப் பாதையாக வட்டம் போட வேண்டும். அதிலிருந்து ஒவ்வொரு குடும்பத்துக்கும் சாய்வாக ஒரு கிளை. கார் அதில் மட்டும் நுழைந்து பின்வாங்க வேண்டும். இரண்டு பக்கமும் பெரிய கற்களோ மரக்கட்டைகளோ போட்டு மற்ற வழியை அடைத்துவிட வேண்டும். மேஜையும் அடுப்பும் நகர்த்த முடியாதபடி ஓரிடத்தில் இருக்க வேண்டும். மனிதன் எங்கே நடப்பான் என்பதை மேஜையின் இடம் தீர்மானித்துவிடும். எவ்வளவு சாமர்த்தியம் பாருங்கள்! அடுத்த வருஷமே ரூஸ்வெல்ட்டின் சி.சி.சி. என்ற இளைஞர் படை வந்தது. 1933 முதல் 1942 வரை சுமார் 30 லட்சம் பேர் அதில் வேலை பார்த்தார்கள். மாதம் 30 டாலர் சம்பளம். அதில் 25 டாலர் நேராக வீட்டுக்குப் போய்விடும். மெய்னெக்கேயின் வட்டங்களை நாடு முழுக்கக் கட்டியது பெரும்பாலும் இந்தப் பையன்கள்தான்.

ஆனால் வட்டமும் கிளையுமாக வரிசை எண் போட்டபின் அது காடு மட்டுமல்ல, ஒரு தெருவும் ஆகிவிட்டது. தெரு என்றால் சண்டை உண்டு, குப்பை உண்டு, அடைத்துக்கொள்ளும் குழாய் உண்டு. யார் பார்ப்பது? யுத்தத்துக்குப் பிறகு கூட்டம் பெருகியது. 1956-ல் தேசியப் பூங்கா நிர்வாகம் 'மிஷன் 66' என்று ஒரு பத்தாண்டுத் திட்டம் போட்டு, 1966-ல் 8 கோடிப் பேர் வருவார்கள் என்று கணக்கிட்டது. வந்தவர்கள் 12 கோடிக்கு மேல். எங்கள் துறையின் மதிப்பீடுகளைக் கேலி செய்பவர்கள் இதைக் கவனிக்கவும்.

அந்தக் கூட்டத்துக்கு ஏற்ப ஊழியர்கள் பெருகவில்லை. 1970 ஜூலையில் தேசியப் பூங்காக்களில் தன்னார்வலர்களை ஏற்கலாம் என்று சட்டம் வந்தது. 1972 மே மாதம் தேசியக் காடுகளுக்கும் அதேபோல் ஒரு சட்டம். இரண்டையும் படித்துப் பார்த்தேன், சர்வீஸில் இருந்தவனுக்குச் சட்டம் படிப்பது கஷ்டமில்லையே. சம்பளம் கிடையாது; பயணம், சீருடை, இருப்பிடம் போன்ற சில்லறைச் செலவுகளைத் தரலாம். வேலையில் அடிபட்டால் அவர் அரசு ஊழியராகக் கருதப்பட்டு இழப்பீடு பெறுவார். பூங்காச் சட்டத்தில் இன்னொரு வரியும் உண்டு: தன்னார்வலரைக் கொண்டு எந்த ஊழியரின் இடத்தையும் பறிக்கக் கூடாது. நல்ல வரிதான். ஆனால் காலியாகவே விடப்பட்ட இடத்தை யார் பறித்ததாகச் சொல்வது?

வேலை காத்திருந்தது, ஆள் எங்கிருந்து வந்தார்கள்? பென்ஷன்தான் கொண்டுவந்தது. 1935-ல் அமெரிக்காவில் சமூகப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1940-ல் ஐடா மே ஃபுல்லர் என்ற அம்மாளுக்கு முதல் மாதாந்திரக் காசோலை போயிற்று, 22 டாலர் 54 சென்ட். 1956-ல் நெடுஞ்சாலைச் சட்டம். 41,000 மைல் சாலைக்குத் திட்டம். 1966-ல் அயோவாவில் வின்னபேகோ கம்பெனி மோட்டார் வீடுகளைத் தொழிற்சாலையில் வரிசையாகத் தயாரிக்க ஆரம்பித்தது. மாதம் தவறாத ஒரு சிறு தொகை, நல்ல சாலை, அதில் ஓடும் வீடு. மூன்றும் சேர்ந்ததும் வீட்டை விற்றுவிட்டு வண்டியிலேயே வாழும் ஒரு கூட்டம் உருவாகிவிட்டது. 1978-ல் ஜோ, கே பீட்டர்சன் தம்பதி 'எஸ்கேப்பீஸ்' என்று இவர்களுக்கு ஒரு சங்கம் தொடங்கினார்கள். டெக்சாஸில் லிவிங்ஸ்டன் என்ற சிற்றூரில் அதன் தலைமையிடம். வீடில்லாதவருக்குத் தபால் எங்கே வரும்? அங்கேதான். அங்கத்தினர் பேருக்கு வரும் கடிதங்களை வாங்கி, அவர்கள் இருக்கும் இடத்துக்குத் திருப்பி அனுப்புவதே அந்தச் சங்கத்தின் பெரிய வேலை.

இப்போது அந்தப் பழைய கெடுவுக்கு வருகிறேன். செக்கோயாவில் கோடைக்காலத்தில் 14 நாளுக்கு மேல் தங்கக் கூடாது. பல தேசியக் காடுகளிலும் அதே 14 நாள்தான். வீடில்லாமல் வண்டியில் வாழ்கிறவருக்கு இது தலைக்கு மேல் தொங்கும் கத்தி. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கிளம்பியாக வேண்டும். ஹோஸ்டுக்கு மட்டும் அந்தக் கெடு இல்லை. ஒரு சீசன் முழுக்க அவர் அங்கே இருக்கலாம், இருந்தே ஆக வேண்டும். அவருக்குக் கிடைக்கும் உண்மையான கூலி மின்சாரமோ தண்ணீரோ அல்ல, நகராமல் இருக்கும் உரிமை. வீடில்லாதவர்கள் வந்து தங்கிவிடக் கூடாது என்று கட்டணமும் கெடுவும் வைத்த அதே திடல்களில், இன்று கட்டணச் சீட்டைச் சரிபார்ப்பவரும் கெடு முடிந்ததை எடுத்துச் சொல்பவரும் வீடில்லாத ஒருவர். (மிரட்டவோ பிடிக்கவோ அவருக்கு அதிகாரம் இல்லை. தகராறு என்றால் ரேஞ்சரைக் கூப்பிட வேண்டியதுதான்.)

எல்லாரும் ஆசைப்பட்டு வந்தவர்கள் என்றும் சொல்ல முடியாது. 2008 பொருளாதாரச் சரிவில் வீட்டையும் சேமிப்பையும் இழந்து வண்டிக்கு வந்த முதியவர்களைப் பற்றி ஜெசிகா புரூடர் 2017-ல் 'நோமேட்லேண்ட்' என்று புத்தகம் எழுதினார். படமாக வந்து 2021-ல் ஆஸ்கரும் வாங்கியது. அதில் வரும் ஹோஸ்டுகள் கூலிக்கு வேலை பார்ப்பவர்கள், ஏனென்றால் பல தேசியக் காடுகளின் திடல்களைத் தனியார் நிறுவனங்கள் குத்தகைக்கு எடுத்து நடத்துகின்றன. ஒரே பலகை, ஒரே மண்வெட்டி. ஒருவருக்கு அது சேவை, இன்னொருவருக்கு வயிற்றுப்பாடு. சாம்பலை அள்ளுவதைப் பார்த்து எது என்று சொல்லிவிட முடியாது.

நான் பொறுப்பில் இருந்த ஆய்வு மாளிகையிலும் ஒரு வாட்ச்மேன் இருந்தார். பின்பக்கத்தில் ஓர் அறையும் தாழ்வாரமும் கொண்ட குவார்ட்டர்ஸ். 26 வருஷம் அதில் இருந்தார், பிள்ளைகள் அங்கேதான் பிறந்தன. வைத்த முருங்கை காய்த்து, நட்ட வேம்பு நிழலாகியிருந்தது. அவர் ஓய்வு பெற்ற அன்று மாலையே சாவியை வாங்கிவிடச் சொல்லி மேலிடத்து உத்தரவு. விதிப்படி இன்னும் கொஞ்ச நாள் அவகாசம் வாங்கித் தந்திருக்கலாம். ஒரு கடிதம் எழுதினால் போதும். புது ஆள் வாசலில் மூட்டையோடு நிற்கிறான் என்ற அவசரத்தில் நான் எழுதவில்லை. சாவியைத் துடைத்து என் கையில் கொடுத்துவிட்டு, "ஐயா, வேம்பை வெட்டிடாம பாத்துக்குங்க" என்றார். அவர் எங்கே போனார் என்றுகூட நான் கேட்கவில்லை.

இந்த நினைப்பிலேதான் இரண்டாம் நாள் சாயங்காலம் அந்தப் பெரியவரின் மனைவியிடம் கேட்டேன். அவர் ஆர்.வி. வாசலில் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து, கழிப்பறைக்கு எத்தனை காகிதச் சுருள் போயிற்று என்று நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். "வண்டி ஓட்ட முடியாத வயது வந்தால் எங்கே போவீர்கள்?"

கேட்ட பிறகு, கேட்டிருக்க வேண்டாமோ என்று தோன்றியது. அவர் முகம் மாறவில்லை. லிவிங்ஸ்டனில் சங்கமே ஓர் இடம் வைத்திருக்கிறது, அங்கே சொந்த வண்டியிலேயே இருந்துகொள்ளலாம், சாப்பாடும் உதவியும் கிடைக்கும் என்றார். "அவருக்குக் கண் புரை வந்திருக்கிறது. ராத்திரியில் நான்தான் ஓட்டுகிறேன். இன்னும் நாலு சீசன் என்று வைத்திருக்கிறோம்." பிறகு என்னிடம் கேட்டார்: "உங்களுக்கு வீடு இருக்கிறதா?"

இருக்கிறது, திருச்சியில், மாடியோடு என்றேன்.

"இப்போது அதில் யார் இருக்கிறார்கள்?"

யாரும் இல்லை. மனைவி காலமான பிறகு வருஷத்தில் பாதி இங்கேயும் பாதி அங்கேயுமாக இருக்கிறேன், பூட்டித்தான் கிடக்கிறது என்றேன். எத்தனை நாளாகப் பூட்டியிருக்கிறது என்று கேட்டார். இந்தத் தடவை ஐந்து மாதம்.

"செடிகளுக்கு?"

பக்கத்து வீட்டுப் பையன் வாரம் ஒருமுறை ஊற்றுவான், ஊற்றுகிறானா என்று தெரியாது என்றேன். அவர் தலையாட்டிவிட்டு மறுபடி நோட்டைப் பிரித்தார். அதற்குள் மூன்றாம் வட்டத்தில் தண்ணீர்க் குழாய் ஒழுகுகிறது என்று ஒரு சிறுவன் ஓடி வந்தான். பெரியவர் ஸ்பானரை எடுத்துக்கொண்டு கிளம்பினார். நானும் கூடப் போனேன். வாஷர் தேய்ந்து போயிருந்தது, வேறொன்றுமில்லை. டார்ச்சைப் பிடித்துக்கொண்டேன், அவர் மாற்றினார்.